ஸ்டோர்ஸ் சாரின் பாஸ்வேர்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தேன். செக்‌ஷன் என்று பெயர்தான், இருந்தது நான் ஒருத்திதான். தொண்ணூறுகளின் நடுவில் அந்த அளவு கம்பெனிக்கு ஒரு ஆள் போதும். ஒரு சர்வர். அதிலிருந்து ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் என்று ஒயர் இழுத்து வைத்திருந்த டெர்மினல்கள். அந்தக் கட்டடத்தில் ஏ.சி. ஓடிய இரண்டு அறைகளில் ஒன்று என்னுடையது, இன்னொன்று ஒர்க்ஸ் மேனேஜருடையது. மிஷினுக்குத் தூசி ஆகாது என்பதால் என் அறைக்குள் வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும். ஒர்க்ஸ் மேனேஜரே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்பா ஆவடியில் டிஃபன்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் செய்கிற வேலை என்ன என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநாள் ஆனது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அன்றன்றைக்குப் பதிந்ததையெல்லாம் டேப்பில் நகல் எடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேடுவதற்கு உதவுகிற இன்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டவேண்டும். வேண்டாத பழைய பதிவுகளைக் கழிக்கவேண்டும். இதற்கெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. என்ன வேலை, எந்த நாள், எந்த நேரம் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் டேட்டாபேஸ் தானே செய்துகொள்ளும். காலையில் வந்து ஒழுங்காக முடிந்ததா என்று பார்த்தால் போதும். அப்பா இதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களிடமெல்லாம் சொன்னார்.

“என் மக வீட்ல தூங்கிக்கிட்டு இருப்பா. அங்க மிஷின் இவ சொன்ன வேலையப் பாத்துக்கிட்டு இருக்கும்.”

அவர் அப்படிச் சொல்லும்போது நான் வேண்டாம்பா என்பேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் நிற்பேன்.

கம்பெனியில் எனக்கு முதலில் பக்கபலமாக நின்றவர் ஸ்டோர்ஸ் ஆபீசர். ஸ்டோர்ஸ் சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஐம்பதைத் தாண்டியவர். காட்டுப்பாக்கத்தில் சொந்த வீடு, மனைவி மட்டும்தான் உடன். ஒரே மகன் வடக்கே எங்கோ வேலையில் இருந்தான். கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஸ்டோர்ஸ் ஆட்கள் யாரும் அந்த டெர்மினலைத் தொடவில்லை. இந்தப் பெண் வந்து நம் வேலைக்கு உலை வைக்கப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அவர்தான் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சொல்லும்மா, எங்க ஆரம்பிக்கணும்?” என்றார். அங்கே அலமாரிகளில் இருந்த நட்டு, போல்ட்டு, சீல், பேரிங் அத்தனையையும் அவரே ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

பிறகு கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுக் கூட்டாளிக் கம்பெனி கிடைத்தது. அவர்கள் அனுப்பிய ஆடிட்டர்கள் ஒவ்வொரு டெர்மினலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டோர்ஸில் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டர்மேலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதற்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. எல்லோருக்கும் அந்த ஒரே பாஸ்வேர்ட்தான். ஆடிட்டர் அதைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார். ஒர்க்ஸ் மேனேஜர் சிரிக்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

“யார் உள்ள வந்தாங்க, யார் எதை மாத்தினாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா நம்மகிட்ட பதில் இருக்கணும். ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். மாசாமாசம் மாத்தியே ஆகணும். யாரையும் நம்பி விடாத, மிஷினே பாத்துக்கற மாதிரி செய்.”

செய்தேன். மாதம் பிறந்ததும் எல்லோருடைய பாஸ்வேர்டும் தானாகக் காலாவதியாகும். புதிதாக ஒன்று வைக்காமல் உள்ளே போக முடியாது. பழையதையே திரும்ப வைக்கவும் முடியாது. மூன்று தடவை தப்பாக அடித்தால் அந்த ஆளின் கணக்கு பூட்டிக்கொள்ளும், திறக்க நான்தான் வரவேண்டும். இதற்கும் நேரம் குறித்து வைத்துவிட்டேன். டேப்பில் நகல் எடுப்பதைப்போல இதுவும் தானாக நடந்துகொண்டிருந்தது.

முதல் மாதம் பாதிக் கம்பெனி என் அறை வாசலில் நின்றது. இரண்டாவது மாதம் குறைந்தது. அதற்கப்புறம் பிள்ளை பெயர், வண்டி நம்பர், குலதெய்வம் என்று ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஸ்டோர்ஸ் சார் ஒருவருக்குத்தான் அது வசப்படவே இல்லை.

முதலில் இன்டர்காமில் கூப்பிடுவார். “ஏம்மா, உள்ள விடமாட்டேங்குதே.” நான் இங்கிருந்தே திறந்துவிடுவேன். பிறகு நேரில் வர ஆரம்பித்தார். ஸ்டோர்ஸில் போன் நடு மேஜையில் இருந்தது, அங்கே பேசினால் எல்லோர் காதிலும் விழும். அதனால் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, “உன் மிஷினுக்கு என்னைப் பிடிக்கலம்மா” என்பார். நான் சிரிப்பேன். புதிதாக ஒன்று வைத்துக்கொடுப்பேன். அவர் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார்.

அந்த வருஷம் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் பின்கழுத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த பங்குனி மாதத்தில் அவருக்குக் குளிர்ந்தது. என் அறைக்குள் வந்தால் கையை அக்குளில் வைத்துக்கொள்வார். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. குரலும் கட்டைக் குரலாக, மெதுவாக வந்தது. வயசாகிறது என்று நினைத்தோம். ஸ்வெட்டரைப் பற்றி டைம் ஆபீஸில் கேலி பேசினார்கள். நானும் அங்கே நின்று கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் வந்து, “உன் மிஷினுக்கு என்னைப் பிடிக்கலம்மா” என்றார். சிரித்துக்கொண்டே திறந்துவிட்டேன். டீ வருவதற்குள் மறுபடியும் வந்தார். அதே இடத்தில் ஷூவைக் கழற்றினார். அதே சிரிப்போடு, அப்போதுதான் முதல்முதலாகத் தோன்றியதைப்போல, “உன் மிஷினுக்கு என்னைப் பிடிக்கலம்மா” என்றார். நான் மறுபடியும் சிரித்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் தடவை வந்து அதையே சொன்னபோதுதான் எனக்குள் என்னவோ நின்றுபோனது. காலையில் வந்தது அவருக்கு ஞாபகமில்லை. அப்போதும் சிரிக்கத்தான் செய்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஸ்டோர்ஸில் ஒரு லோடர் இருந்தார். பாரிவாக்கத்துக்காரர், நாற்பது வயசிருக்கும். அவர் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். கம்பெனிக் கேட்டுக்குள் முதலில் வந்தவர் இவர்தான். அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“மேடம், சாருக்கு இன்னாவோ ஆயிட்சு. நேத்து கேட்டாண்ட நின்னுகினு, பூந்தமல்லி பஸ்ஸு எதுன்னு என்னாண்ட கேக்குறாரு. தெனிக்கும் அவுரு போற பஸ்ஸு அது. நான் ஏத்தி உட்டேன்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இன்னான்னு சொல்றது மேடம்? நல்ல மனுசன். சொன்னா அசிங்கமா பூடும்ல.”

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. சாரை அசிங்கப்படாமல் காப்பாற்றவேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த மாதம் பிறப்பதற்குள், நேரம் குறித்து வைத்திருந்த அந்த வேலையைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். எல்லோருடைய பாஸ்வேர்டும் காலாவதியாகட்டும், இவருடையதைத் தவிர. எத்தனை தடவை தப்பாக அடித்தாலும் இவர் கணக்கு பூட்டவேண்டாம். அவர் கடைசியாக வைத்திருந்தது அவர் மனைவியின் பெயர். அதை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை. இனி அதுவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சங்கடப்படுவார் என்று நினைத்தேன். லோடரிடம் மட்டும், “சாருக்கு இனிமே தொந்தரவு இருக்காது” என்றேன். அவர் கும்பிட்டார். உண்மையைச் சொன்னால், அந்தக் கும்பிடு எனக்கு இனித்தது.

மாதங்கள் போயின. சார் வருவது நின்றது. ஒருநாள் கையில் பையோடு வந்தார். வீட்டு மரத்துக் கொய்யாப்பழம்.

“பாத்தியாம்மா? போன மாசமும் வரல, இந்த மாசமும் வரல. எனக்குப் பழகிடுச்சு.”

“ஆமா சார்” என்றேன்.

“உங்கிட்ட சொல்றதுக்கென்ன, நான் கொஞ்சம் பயந்துட்டேன். மூளை மந்தமாயிடுச்சோன்னு. டாக்டர்ட்ட போகணும்னு வீட்ல சொல்லிக்கிட்டு இருந்தேன். இனி அதெல்லாம் வேணாம். உன் மிஷினே சர்டிபிகேட் குடுத்துடுச்சே.”

பழப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. “பழம் நல்ல வாசனையா இருக்கு சார்” என்றேன். அன்றைக்கு அந்தப் பழத்தை நான் சாப்பிடவில்லை. டைம் ஆபீஸ் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அசெம்பிளி லைன் நின்றது. பம்புக்குள் போகிற ஆயில் சீல் இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் பெட்டி பெட்டியாக இருக்கிறது, அலமாரியில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னதால் பர்ச்சேஸில் புதிதாக ஆர்டர் போடவில்லை. மதிய ஷிஃப்டுக்கு வந்த கான்ட்ராக்ட் பெண்களைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பட்டாபிராமிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள், கேட்டுக்கு வெளியே வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

கணக்கில் இருக்கிற பொருள் அலமாரியில் இல்லையென்றால் யாரோ எடுத்துப் போயிருக்கவேண்டும். யார் என்று யோசிக்க அங்கே யாரும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் செக்யூரிட்டி லோடரை மட்டும் வரிசையிலிருந்து தனியாக நிறுத்தினான். பையைக் கவிழ்த்தான். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னான். சட்டையைத் தூக்கிக்காட்டச் சொன்னான். நாங்கள் எல்லோரும் பஸ்களில் ஏறி உட்கார்ந்திருந்தோம், ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கவிழ்த்த பையிலிருந்து விழுந்த துண்டைக் குனிந்து எடுத்து, தட்டி, மறுபடியும் மடித்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆயில் சீலின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரே லாரியில் வந்த சரக்கு, ஒரே டெலிவரி சலானின் எண், மூன்று தடவை வரவு வைக்கப்பட்டிருந்தது. மூன்றும் ஒரே நாளில். மூன்றும் ஸ்டோர்ஸ் சார் பெயரில். பதிந்தது மறந்து மறுபடி பதிந்திருக்கிறார், அதுவும் மறந்து மறுபடியும். காணாமல்போன சீல்கள் ஒருநாளும் வந்தே இருக்கவில்லை.

இதை எடுத்துக்கொண்டு போகவில்லையென்றால் லோடர் திருடன். போனால் சாருடைய கதி என்ன என்று தெரியும். பஸ் ஜன்னலில் பார்த்தது கண்ணிலேயே இருந்தது. போனேன்.

ஒர்க்ஸ் மேனேஜர் என் அறைக்கே வந்து, ஸ்டோர்ஸ் சாரை வரச்சொன்னார். லோடரையும் கூப்பிட்டு வாசல் பக்கம் நிற்க வைத்தார். நான் பதிவுகளைக் காட்டினேன். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

“நானா போட்டேன்?” என்றார்.

ஒர்க்ஸ் மேனேஜர் கெட்டிக்காரர். உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. “இவர் பேர்ல இருக்குங்கறதுக்காக இவர்தான் போட்டார்னு எப்படிச் சொல்றது? இவர் பாஸ்வேர்ட் தெரிஞ்ச வேற எவனாவது போட்டிருந்தா?” என்று வாசல் பக்கம் பார்த்தார். “கடைசியா எப்ப மாத்தினார்னு பாரும்மா.”

பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன். சொன்னேன்.

“அவ்வளவு மாசமா மாறலையா? மாசாமாசம் தானா மாறும்னுதானே எங்கிட்ட சொன்ன?”

“புரோகிராம்ல ஏதோ தப்பு சார்.”

“மத்தவங்களுக்கு?”

“மாறியிருக்கு சார்.”

“ஒருத்தருக்கு மட்டும் எப்படிம்மா தப்பு வரும்?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஏ.சி. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லாவிட்டால் சந்தேகம் திரும்பவும் வாசலில் நிற்கிறவர்மேல்தான் போகும். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“சாருக்கு மறந்து மறந்து போச்சு சார். தினமும் பூட்டிக்கிச்சு. பாவமா இருந்தது. அதனால அவரை மட்டும் அந்த ஜாப்ல சேர்க்காம விட்டுட்டேன். வேற யாருக்கும் அவர் பாஸ்வேர்ட் தெரியாது.”

சார் என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“அப்ப எனக்குப் பழகலையாம்மா?”

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் ஒர்க்ஸ் மேனேஜரிடம், “நான்தான் போட்டிருப்பேன் சார். இவன்மேல எதுவும் இல்ல. இவனை அனுப்பிடுங்க” என்றார். கூட வேலை செய்கிற ஒருவரை அவர் அவன் இவன் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார்.

நடைபாதையில் லோடர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போனேன்.

“உடு மேடம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “என் பைய நோண்டுனாங்கோ, சட்டைய தூக்குனாங்கோ. எங்க ஊட்டு ஆளுங்களுக்கு இது புச்சா இன்னா? ஆனா அவுரு கேட்டாரு பாரு ஒரு கேள்வி. அத்த கேட்டுகினு என்னால நிக்க முடியல” என்றார். போகும்போது திரும்பி, “நானும் ஒரு வார்த்த முன்னயே சொல்லிருக்கணும் மேடம். நீயும் சொல்லல, நானும் சொல்லல” என்றார்.

சார் மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்த ஒரு வரியை நீக்கி, செய்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். மாதம் பிறந்தபோது எல்லோருக்கும் காலாவதியானதைப்போல அவருக்கும் ஆனது. திறக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு காட்டுப்பாக்கத்துக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. என்ன நடந்தது என்று வழியில் பஸ்ஸில்தான் அப்பாவிடம் சொன்னேன். பூந்தமல்லி தாண்டியதும் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இரக்கப்பட்டதச் சொல்லிட்டுப் பட்டிருக்கணும் தாயி” என்றார். அதற்குப் பிறகு அவர் குவார்ட்டர்ஸில் என் வேலையைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்கவில்லை.

சாரின் மனைவிதான் கதவைத் திறந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே வரச்சொன்னார். சார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம்மா. மறதி வியாதி இல்லையாம். தைராய்டு. சுரக்கறது ரொம்பக் கொறஞ்சு போச்சாம். குளிரு, மொகத்து வீக்கம், மந்தம், எல்லாம் அதாலதானாம். தெனமும் ஒரு மாத்திரை. இப்பவே கொஞ்சம் தேவலை.”

எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

“ஏன் இவ்வளவு நாள் விட்டீங்கன்னு டாக்டர் கேட்டார். போகணும்னுதான் இருந்தோம். இவர்தான் ஒருநாள் வந்து, ஆபீஸ்ல எல்லாம் சரியாயிடுச்சு, பாஸ்வேர்டுகூட மறக்கறதில்லன்னு சொன்னார்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கள வையணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார் அந்த அம்மா. “ஆனா நானும் அதத்தானே பண்ணேன். காலைல காபி குடுக்கறப்பவே, இன்னைக்கு இன்ன கிழமை, இன்ன சட்டைன்னு பேச்சோட பேச்சாச் சொல்லிடுவேன். சாவிய எங்க வெச்சாலும் நானே எடுத்து ஆணில மாட்டிடுவேன். அவரா மாட்டினதா நெனச்சுப்பார். அவர் தலை குனியக் கூடாதுன்னு நெனச்சேன். யார வையறது?”

அவர் என்னை மன்னித்தாரா, இல்லை தன்னோடு சேர்த்து எண்ணிக்கொண்டாரா, தெரியவில்லை. சாரை எழுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். சார் எழுந்துவிடுவதற்குள் கிளம்பிவிடவேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து ஒருநாள் சார் கம்பெனிக்கு வந்தார். ஸ்வெட்டர் இல்லை. வீக்கம் வடிந்து, பழைய முகம் வந்திருந்தது. குரல்கூடத் தெளிவாக இருந்தது. டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டோடு நேராக ஒர்க்ஸ் மேனேஜர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார்.

“எனக்குச் சரியாயிடுச்சும்மா. திரும்ப எடுத்துக்கச் சொல்லிக் கேட்டேன். பாக்கலாம்ங்கறார். அவருக்கு நம்பிக்கை வரல.” நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ எனக்கு ஒரு உதவி பண்ணு. எதையாவது ஒண்ணு சொல்லு. எவ்வளவு கஷ்டமா வேணும்னாலும் இருக்கட்டும். நான் எழுதி வெச்சுக்க மாட்டேன். அடுத்த மாசம் வந்து சரியாச் சொல்றேன். நீ அதை அவர்ட்ட சொல்லு. உன் மிஷின் சொன்னா அவர் நம்புவார்.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் மாதிரி காத்திருந்தார். நட்டும் போல்ட்டும் ஒற்றை விரலால் ஏற்றிய மனிதர் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தார். “சார், அதெல்லாம் வேண்டாம் சார். நானே அவர்கிட்ட பேசறேன்” என்றேன்.

போய்ப் பேசினேன். அது வரைக்கும் உண்மை. ஒர்க்ஸ் மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். “போன தடவையும் நீதான் இவர் சரியா இருக்கார்னு காட்டின” என்றார். ஸ்டோர்ஸுக்கு வேறு ஒருவரை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். வரவேண்டிய தொகையையெல்லாம் குறைவில்லாமல் கொடுத்து, மாலை போட்டு, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் லோடர் அழுதார். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். எனக்குக் கல்யாணமாகி, மாங்காட்டில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பைப்பும் குழாயும் வாங்க என் கணவர் பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப்போனார். வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டப்போகும்போது கடைக்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டோர்ஸ் சார் நிற்பது தெரிந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பிளம்பர்களுக்கு நடுவில் நின்று, அலமாரியில் மேல்தட்டிலிருந்த எதையோ கைகாட்டி எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நான் வண்டிகிட்ட நிக்கிறேன்” என்றேன்.

“பாத்து வாங்கணும்னு நீதானே வந்த?”

“வெயிலா இருக்கு. தலை வலிக்குது.”

அவர் போனார். நான் ஒரு லாரிக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். லாரி கிளம்பியபோது வேறொரு வேனுக்குப் பின்னால் போனேன். கணவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. கையில் மூட்டையோடு சந்தோஷமாக வந்தார்.

“அங்க ஒரு பெரியவர் இருக்கார். எத்தனை பாத்ரூம், டேங்க் எங்க வெக்கிறீங்கன்னு எல்லாம் கேட்டு, பேப்பர்ல ஒண்ணுகூட எழுதல, மொத்தத்தையும் மனசுலயே போட்டு எடுத்துக் குடுத்தார். எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேட்டேன். எஸ்டேட்ல வேலைய விட்டதுலேர்ந்து இங்கதானாம். நீ வந்திருக்கலாம்.”

“அடுத்த தடவை வரேன்” என்றேன்.

வீட்டு வேலை முடிய இன்னும் பலதடவை அந்தக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் என் கணவர்தான் போனார்.